இடது கைக்காரங்க முதல் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குறது எப்படி: கனடா நண்பர்களுக்கு

ஒன்டாரியோ பக்கம் ரேஞ்ச்ல நம்ம ஊர் முகங்கள் இப்பல்லாம் அடிக்கடி கண்ணுல படுது, சந்தோஷமா இருக்கு. ஆனா அதுல இடது கைக்காரங்க யாராவது இருந்தா பாதி நேரம் கையில வலது கை ரைஃபிள் தான் இருக்கும், அதாவது தோட்டா ஏத்த ஒவ்வொரு தடவையும் இழுத்து தள்ளுற போல்ட் கைப்பிடி வலது பக்கம் இருக்குறது. கேட்டா, கடையில அதுதான் இருந்துச்சு, பழகிடும்னு சொன்னாங்கன்னு சொல்வாங்க. பழகும் தான், இல்லைன்னு சொல்லல. ஆனா தப்பான பழக்கமும் சேர்ந்தே பழகிடும், அப்புறம் அதை கழட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். கொஞ்சம் பொறுத்து தேடினா நல்ல இடது கை .22, அதாவது சின்ன தோட்டா ரைஃபிள், கண்டிப்பா கிடைக்கும். புதுசா வர்றவங்களுக்காக எதை முதல்ல பாக்கணும், எதை அப்புறம் பாத்துக்கலாம்னு வரிசையா எழுதுறேன்.

லைசென்ஸ் வேலையை முதல்ல ஆரம்பிச்சிடுங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடியே இதை தொடங்கிடணும், ஏன்னா நாள் இழுக்கும். சிஎஃப்எஸ்சிங்கிற கனடா துப்பாக்கி பாதுகாப்பு வகுப்பு முடிச்சு, எழுத்து பரீட்சை, செய்முறை பரீட்சை ரெண்டுலயும் 80 சதவீதம் எடுத்து பாஸ் ஆகணும், அப்புறம் துப்பாக்கி வாங்கி வச்சுக்கறதுக்கான பிஏஎல் லைசென்ஸுக்கு விண்ணப்பம். 18 வயசு ஆயிருக்கணும். முதல் தடவை போடுறவங்களுக்கு குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில அதை விட அதிகமாவும் ஆகும். ஃபார்ம்ல கூட வாழுற துணையோட கையெழுத்து கேப்பாங்க, கடைசி ரெண்டு வருஷத்துல பிரிஞ்சவங்க இருந்தா அவங்களைப் பத்தியும் கேப்பாங்க, அதனால வீட்டுல சொல்லாம எதுவும் ஆரம்பிக்காதீங்க. போல்ட் ஆக்‌ஷன் .22 சாதாரண வகையில தான் வருது, நான் ரெஸ்ட்ரிக்டட்னு சொல்வாங்க. ஆனா 2022 மே மாசத்துல இருந்து இந்த வகைக்கும் ஒவ்வொரு தடவை கை மாறும்போது விக்கிறவர் உங்க லைசென்ஸை சரிபார்த்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கணும், தனி ஆள்கிட்ட பழைய ரைஃபிள் வாங்கினாலும் இதே கதை தான்.

வகுப்புல சொல்லித்தர்ற ஆக்ட்ஸ், புரூவ்ங்கிற பாதுகாப்பு விதிகள் ரெண்டையும் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க. .22 சின்ன தோட்டா தானேன்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, டப்பா மேலயே ஒன்றரை மைல் வரைக்கும் போகும்னு எச்சரிக்கை போட்டிருப்பான், அது கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர்.

கையை விடுங்க, கண்ணை பாருங்க

ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான், கடையில யாரும் கேக்கவும் மாட்டாங்க. எந்த தோள்ல வச்சு சுடணும்னு முடிவு பண்ண வேண்டியது உங்க கண்ணு. நம்ம வீடுகள்ல இடது கையால சாப்பிட்டா அடிச்சு திருத்துவாங்க, எழுதுறதையும் சோத்துக்கைக்கு மாத்தி விட்டுடுவாங்க, அதனால நம்மள்ல நிறைய பேருக்கு தான் உண்மையில எந்தக் கைன்னே தெளிவா தெரியாது. எழுதுறது வலது, பந்து எறியுறது இடது, கேரம் ஆடுறது இடதுன்னு கலந்து கிடக்கும்.

ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, விரல்களை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு நடுவுல ஒரு சின்ன முக்கோண ஓட்டை பண்ணுங்க. ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். அந்த ஓட்டை வழியா தூரத்துல இருக்குற ஒரு ஸ்விட்சையோ கடிகாரத்தையோ பாருங்க. இப்ப இடது கண்ணை மூடுங்க. கடிகாரம் ஓட்டைக்குள்ளயே இருந்தா உங்களுக்கு வலது கண்ணு தான் மேலோங்கின கண்ணு, காணாம போயிட்டா இடது. ரெண்டு மூணு தடவை செஞ்சு பாருங்க, வேற ஆளை எதிர்ல நிக்க வச்சு அவர் மூக்கை ஓட்டை வழியா பாக்க சொன்னா உங்க எந்தக் கண்ணு தெரியுதுன்னு அவரே சொல்லிடுவார்.

இடது கை, இடது கண்ணுன்னா யோசிக்கவே வேண்டாம், இடது ரைஃபிள். வலது கையால எழுதுறவர், ஆனா கண்ணு இடது, அப்படின்னா புதுசா ஆரம்பிக்கிறவருக்கு என் கருத்து இடது தோள்ல ஆரம்பிக்கிறது தான் நல்லது, கை ஒரு மாசத்துல பழகும், கண்ணு மாறாது. இடது கைக்காரர் ஆனா வலது கண்ணு மேலோங்கியிருக்குன்னா வலது ரைஃபிளை எடுத்து ஒரு நாள் சுட்டு பாருங்க, கடை முழுக்க உங்களுக்கு திறந்திருக்கும். ஸ்கோப் வச்சு ஒரு கண்ணை மூடி சுடுறவங்களுக்கு இது கொஞ்சம் தளரும்னாலும் ரெண்டு கண்ணையும் திறந்து சுடுறது தான் நீண்ட நேரத்துக்கு களைப்பில்லாம இருக்கும்.

வலது ரைஃபிள்ல சமாளிச்சா என்ன ஆகும்

இடது தோள்ல வலது ரைஃபிளை வச்சு ஒரு ரவுண்டு சுடுறீங்கன்னு வைங்க. இப்ப ட்ரிகர்ல இருக்குற இடது கையை எடுத்து, ஸ்கோப்புக்கு மேல வளைச்சு அந்தப் பக்கம் கொண்டு போய் போல்ட் கைப்பிடியை தூக்கி இழுக்கணும். தூக்கும்போது தலை நிமிரும், கன்னம் ஸ்டாக்கை (தோள்ல வைக்கிற கட்டையை) விட்டு வந்துடும், தோள் நகரும், ரைஃபிள் முனை எங்கயோ பாக்கும். திரும்ப தள்ளி பூட்டி, கையை கொண்டு வந்து, கன்னத்தை வச்சு, கண்ணை ஸ்கோப்புக்கு நேரா கொண்டு வந்து... ஒவ்வொரு ரவுண்டுக்கும் இதே கூத்து. .22ல சுடுறதோட அழகே ஒரே நிலையில அசையாம இருந்து அடுத்தடுத்து சுடுறது தான், அது இதுல சுத்தமா போயிடும். பெஞ்ச்ல பைபாட் (முன்னாடி தாங்குற ரெண்டு கால்) போட்டு உக்காந்து சுடுறவங்க சும்மா இருக்குற வலது கையால போல்ட்டை இயக்கி சமாளிப்பாங்க, அது ஓரளவுக்கு ஓடும். நின்னு, மண்டி போட்டு சுடுறப்ப அந்த வலது கை தான் ரைஃபிளையே தாங்கிட்டு இருக்கு, அதை எடுக்க முடியாது.

இன்னொரு விஷயம் முகம். வலது ரைஃபிள்ல காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட பித்தளை கூடு) வெளிய வர்ற வாய் வலது பக்கம் இருக்கும். இடது தோள்ல வச்சா உங்க முகமும் அதே வலது பக்கம் தான் இருக்கும். .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவுல ஃபயரிங் பின் (ட்ரிகர் இழுத்தா தோட்டாவை இடிக்கிற ஊசி) கேஸோட விளிம்பை நசுக்கினா தான் பத்தும், அதனால அந்த விளிம்பு பித்தளை மெல்லிசா தான் செஞ்சிருப்பாங்க, எப்பவாவது ஒண்ணு பிளந்துச்சுன்னா சூடான காத்தும் பவுடர் துகளும் அந்த வாய் வழியா தான் வரும். எந்த ரைஃபிளா இருந்தாலும் கண்ணாடி போடாம சுடாதீங்க, வலது ரைஃபிளை இடதுல சுடுறவங்க ரெண்டு மடங்கு கவனமா இருங்க.

எந்த தோட்டா

முதல் ரைஃபிள்னா .22 எல்ஆர், வேற பேச்சே வேண்டாம். 1887ல வந்த தோட்டா, இன்னைக்கும் விலை குறைச்சல், சத்தம் குறைச்சல், உதை இல்லவே இல்லைன்னு சொல்லலாம், பெரும்பாலான ரைஃபிள் ரேஞ்ச்ல அனுமதி உண்டு. .22 டபிள்யூஎம்ஆர் 1959ல வந்தது, .17 ஹெச்எம்ஆர் 2002ல வந்தது, ரெண்டும் வேகமா போகும், பண்ணையில கிரவுண்ட்ஹாக் மாதிரி சின்ன பிராணிகளுக்கு நல்லது, ஆனா ஒவ்வொரு ரவுண்டுக்கும் காசு பல மடங்கு. கத்துக்கிறதுக்கு நிறைய சுடணும், நிறைய சுட எல்ஆர் தான் கட்டுப்படியாகும்.

இப்ப ரைஃபிள்களுக்கு வருவோம்

சேவேஜ் மார்க் 2. ஒன்டாரியோக்காரங்களுக்கு இது சொந்த ஊர் சரக்கு, பீட்டர்பரோ பக்கத்துல லேக்ஃபீல்ட்ல செய்றது. லேக்ஃபீல்ட் ஆர்ம்ஸ்னு தனி கம்பெனியா இருந்ததை 1995ல சேவேஜ் வாங்குச்சு, மார்க் 2 அங்க இருந்து வந்த வடிவம் தான். இடது கைக்கு வருஷக்கணக்கா விடாம செஞ்சுட்டு வர்றதுல விலை குறைஞ்சது இதுதான், மாடல் பேர்ல எல்னு ஒரு எழுத்து இருந்தா இடதுன்னு அர்த்தம், ஜிஎல்னா மர ஸ்டாக் இடது, ஜிஎல்ஒய்னா சின்ன பசங்களுக்கான குட்டை ஸ்டாக் இடது. அக்யூட்ரிகர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ட்ரிகர் இழுக்க வேண்டிய எடையை வீட்டுலயே குறைச்சு கூட்டிக்கலாம், இந்த விலைக்கு அது பெரிய விஷயம். குறைன்னு பாத்தா போல்ட் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், சுட சுட வழவழப்பாகும், மேகசின் (தோட்டா வைக்கிற பெட்டி) தகடும் மெல்லிசு. ஆனா சுடுறதுல குறை சொல்ல முடியாது.

சிஇசட் 457. என்கிட்ட ஒரே ஒரு பேர் சொல்லுன்னு கேட்டா நான் சொல்றது இதோட அமெரிக்கன் மாடல் இடது கை வடிவம். செக் நாட்டுல உஹெர்ஸ்கி பிராட்ங்கிற ஊர்ல செய்றது. பழைய 452, 455 மாடல்கள்ல போல்ட்டை 90 டிகிரி தூக்கணும், இதுல 60 டிகிரி தான், அதனால ஸ்கோப்பை தாழ்வா மாட்டினாலும் விரல் முட்டாது. ட்ரிகரோட எடை, இழுப்பு தூரம், விட்ட பிறகு அது ஓடுற கடைசி ஓட்டம் மூணையும் திருகி சரி பண்ணிக்கலாம். பேரலை ரெண்டு ஸ்க்ரூ கழட்டி மாத்தலாம், பின்னாடி .17க்கு ஆசை வந்தா வேற ரைஃபிள் வாங்க வேண்டாம், பேரலும் போல்ட் சம்பந்தப்பட்டதும் பொருந்துதான்னு மட்டும் கேட்டுக்கோங்க. வால்நட் மரம், உலோக வேலை எல்லாம் அந்த விலைக்கு மேல தெரியும். சேஃப்டியை முன்னாடி தள்ளினா சுடத் தயார், பெரும்பாலான ரைஃபிள் மாதிரி. பழைய 452, 455 வாங்குறவங்க கவனம், அதுல சேஃப்டி திசை இதுக்கு எதிர்மாறு, வாங்கின அன்னைக்கே காலியா வச்சு நல்லா பழகிக்கோங்க.

பிரவுனிங் டி போல்ட். ஜப்பான்ல மிரோக்கு தொழிற்சாலையில செய்றது, இடது கை வடிவமும் வருது. கைப்பிடியை தூக்க வேண்டாம், நேரா பின்னால இழுத்து முன்னால தள்ளினா போதும். சேஃப்டி மேல நடுவுல, கட்டை விரலுக்கு கீழ இருக்கு, எந்தக் கைக்காரருக்கும் ஒண்ணு தான். பத்து ரவுண்டு மேகசின் கச்சிதமா உள்ள அடங்கிடும். அழகான ரைஃபிள், காட்டுக்கு தூக்கிட்டு போக சுகம். விலை சிஇசட்டுக்கு மேல.

ஆன்ஷுட்ஸ். 1856ல இருந்து ஜெர்மனியில செய்றாங்க, இப்ப உல்ம் நகரத்துல. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகள்ல பல தலைமுறையா பாக்குற பேர். 1907, 1913 மாதிரி மேட்ச் ரைஃபிள்கள் இடது கைக்குன்னே ஸ்டாக், போல்ட், வாய் எல்லாம் மாத்தி செய்றாங்க. புதுசு வாங்க பெரிய தொகை வேணும், முதல் ரைஃபிளா நான் சொல்ல மாட்டேன். ஆனா பழைய கிளப்புகள் எப்பவாவது தங்ககிட்ட இருக்குற இடது கை ஆன்ஷுட்ஸை விக்கும், அப்ப விட்டுடாதீங்க, பத்திரமா வச்சிருந்த மேட்ச் ரைஃபிள் ஆயிரக்கணக்கான ரவுண்டு சுட்ட பிறகும் நம்மள விட நல்லா சுடும்.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, இடது கை மாடல்களை கம்பெனிகள் வருஷம் பூரா ஓட்டாம தொகுதி தொகுதியா தான் செய்யும். இன்னைக்கு எந்தக் கடையிலயும் இல்லைன்னா நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம் கிடையாது. ரெண்டு மூணு கடையில பேர் குடுத்து வைங்க, லைசென்ஸ் வர்ற வரைக்கும் எப்படியும் காத்திருக்கணும் இல்ல, அந்த நேரத்தை இதுக்கு பயன்படுத்துங்க.

கடையில கையில எடுத்து பாக்குறப்ப

முதல்ல போல்ட்டை திறந்து சேம்பரையும் (தோட்டா உக்கார்ற அறை) மேகசினையும் கண்ணாலயும் விரலாலயும் பாத்து காலின்னு உறுதி பண்ணுங்க, கடைக்காரர் இப்பதான் பாத்து குடுத்தாருன்னாலும் நீங்க பாருங்க.

அடுத்து, கண்ணை மூடிட்டு தோள்ல வச்சு கன்னத்தை இயல்பா சாய்ங்க, அப்புறம் கண்ணை திறங்க. ஸ்கோப் இருந்தா முழு வட்டம் தெரியணும், கழுத்தை நீட்டவோ சுருக்கவோ வேண்டி வந்தா ஸ்டாக் உங்களுக்கு சரியில்லை. நீளத்துக்கு ஒரு குத்துமதிப்பான சோதனை உண்டு, ஸ்டாக்கோட அடியை முழங்கை மடிப்புல வச்சு கையை மடக்கினா ஆள்காட்டி விரலோட முதல் கணு ட்ரிகர்ல சுலபமா உக்காரணும். பெரும்பாலான ரைஃபிள்ல இந்த நீளம் பதிமூணரை இன்ச் சொச்சம், நம்ம ஆளுங்கள்ல கொஞ்சம் உயரம் குறைச்சலானவங்களுக்கும் பெண்களுக்கும் இது நீளமா தான் படும். அதுலயும் கனடா குளிர்ல தடிச்ச ஜாக்கெட் போட்டா இன்னும் ஒரு இன்ச் கூடின மாதிரி ஆயிடும், அதனால ஜனவரியில சுடுறவரா இருந்தா ஜாக்கெட்டோட போய் சோதிச்சு பாருங்க.

பேர்ல இடதுன்னு இருக்கறதால மட்டும் நம்பிடாதீங்க, ஸ்டாக்கை பாருங்க. கன்னம் வைக்கிற மேடு வலது பக்கம் இருக்கணும், கைப்பிடியில உள்ளங்கை மேடு இருந்தா அதுவும் உங்க இடது உள்ளங்கைக்கு வரணும். சில ரைஃபிள்ல ஆக்‌ஷன் (போல்ட் இருக்குற இயந்திர பகுதி) மட்டும் இடது, ஸ்டாக் ரெண்டு கைக்கும் பொதுவா நேரா இருக்கும், அது பரவாயில்ல. யாராவது வலது கை தம்ப்ஹோல் ஸ்டாக்ல (கட்டை விரல் போக ஓட்டை வச்சது) இடது ஆக்‌ஷனை செதுக்கி மாட்டி விக்கிறாங்கன்னா வேண்டாம். பின்னாடி ஸ்டாக் மாத்தணும்னு நினைச்சா இடது கைக்கு தனியா செதுக்கினது தான் பொருந்தும், பாய்ட்ஸ் மாதிரி ஸ்டாக் கம்பெனிகள் இடது ஆக்‌ஷனுக்கும் செஞ்சு தர்றாங்க, ஆனா தேர்வு வலதை விட ரொம்ப கம்மி.

பேரல் நீளத்துக்கு மயங்காதீங்க. .22 எல்ஆர் தோட்டா பதினாறுல இருந்து பத்தொம்பது இன்ச்சுக்குள்ள தன் வேகத்தை எடுத்து முடிச்சிடும், அதுக்கு மேல நீளம் வேகத்துக்கு உதவாது. சிஇசட் அமெரிக்கன்ல கிட்டத்தட்ட 25 இன்ச், சேவேஜ்ல 21, ரெண்டுமே நல்லா சுடும். நின்னு சுடுறப்ப முன்னாடி கொஞ்சம் கனமா இருந்தா ஆட்டம் குறையும், அவ்வளவு தான் நீளத்தோட லாபம்.

ட்ரிகரை இழுத்து பாக்க ஆசையா இருக்கும். ரிம்ஃபயர்ல காலி சேம்பர்ல ட்ரிகர் இழுத்தா சில மாடல்கள்ல ஃபயரிங் பின் சேம்பர் விளிம்புல போய் இடிக்கும், அதனால கடைக்காரரை கேட்டுட்டு, டம்மி ரவுண்டு இருந்தா போட்டு இழுங்க. இழுக்கும்போது சரசரன்னு நகராம கண்ணாடி குச்சி ஒடியுற மாதிரி ஒரே அடியில விடணும்.

பழசு வாங்குறதுன்னா

மேல சொன்ன அந்த இடி தான் முதல்ல பாக்க வேண்டியது. போல்ட்டை வெளிய எடுத்து, சின்ன டார்ச் அடிச்சு சேம்பர் வாயோட விளிம்பை பாருங்க. ஃபயரிங் பின் விழுற இடத்துல குட்டி பள்ளமோ உள்பக்கமா பிதுங்கின பிசிறோ இருந்தா, காலியா வச்சு பல தடவை இழுத்திருக்காங்க, தோட்டா உள்ள போறதும் வெளிய வர்றதும் தடங்கும், சில சமயம் பத்தாமலும் போகும். பேரல் முனையில கீறல், தட்டு பட்ட அடையாளம் இருக்கா பாருங்க, முனை கெட்டா குறி கெட்டுச்சு. காலி கேஸை இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கூரா இருக்கணும். மேகசின் இன்னும் விக்கிறாங்களான்னு வாங்குறதுக்கு முன்னாடியே தேடி பாத்துடுங்க, நின்னு போன மாடலோட மேகசினோ இடது கை போல்ட்டோ தொலைஞ்சா அந்த ரைஃபிள் சுவத்துல மாட்ட தான் ஆகும்.

ஸ்கோப்

ரைஃபிளை விட ஸ்கோப்புக்கு அதிகமா செலவு பண்ணாதீங்க, முதல் வருஷம் சாதாரணமான நல்ல ஸ்கோப் போதும். ஒண்ணு மட்டும் பாருங்க, பாரலாக்ஸ் (கண்ணு கொஞ்சம் நகர்ந்தா குறியும் நகர்ற மாதிரி தெரியுற பிழை) எந்த தூரத்துல இல்லாம வச்சிருக்குன்னு. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கு வச்சிருப்பாங்க, .22க்கானது 50 கெஜம், இல்லைன்னா தானே திருப்பிக்கிற மாதிரி இருக்கணும். சிஇசட்டுக்கு ரைஃபிள் மேல இருக்குற பள்ளத்துல மாட்டுற 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரிங், சேவேஜுக்கு ஸ்க்ரூ போட்டு மாட்டுற பேஸ், மாத்தி வாங்கிட்டு வந்து நிக்காதீங்க. பக்கவாட்டுல ஃபோகஸ் திருகு இருக்குற ஸ்கோப்புகள்ல அந்த திருகு இடது பக்கம் இருக்கும், அது வலது கைக்காரரோட சும்மா இருக்குற கைக்காக வச்சது, நமக்கு அது சிரமம், அதனால முன்னாடி லென்ஸை திருப்பி ஃபோகஸ் பண்ற வகை இடது கைக்காரங்களுக்கு வசதி.

தோட்டாவும் முதல் நாள் ரேஞ்சும்

.22 ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாக்கு ருசி உண்டு, பக்கத்து ஆளோட ரைஃபிளுக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்காது. சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப், இந்த மூணுல ஒவ்வொரு டப்பா வாங்கிட்டு போங்க. 50 மீட்டர்ல, மூட்டை மேல வச்சு, ஒவ்வொண்ணுலயும் அஞ்சு ரவுண்டா அஞ்சு குழு (ஒரே குறிக்கு சுட்ட ஓட்டைகளோட கொத்து) சுடுங்க. ஒரு குழுவை வச்சு முடிவெடுக்காதீங்க, அதிர்ஷ்டத்துல ஒண்ணு நல்லா விழும். தோட்டா மாத்தும்போது முதல் பத்து பதினஞ்சு ரவுண்டை கணக்குல சேக்காதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் வேற மெழுகு பூசுறாங்க, பேரல்ல புது மெழுகு படிஞ்ச பிறகு தான் உண்மையான குழு விழும். நல்லா துடைச்ச பேரலுக்கும் இதே தான். அஞ்சு குழுவும் ஒரு இன்ச்சுக்குள்ள அடங்கினா நீங்க வாங்கினது நல்ல ரைஃபிள்.

குளிர்காலத்துல குறி கொஞ்சம் தடுமாறினா ரைஃபிளை சந்தேகப்படாதீங்க. 20 டிகிரியில சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 1,125 அடி, மைனஸ் 20ல அது 1,047 அடிக்கு இறங்கிடும். சிசிஐ ஸ்டாண்டர்டோட வேகம் 1,070 அடி. கோடையில சத்தத்துக்கு கீழயே அமைதியா போற அதே தோட்டா, ஜனவரியில அந்த எல்லைக்கோட்டு மேலயே போய் உக்காந்துக்கும், அந்த கோட்டை தாண்டுற இடத்துல தான் தோட்டா ஆடும். பவுடரும் குளிர்ல மந்தமாகும், மெழுகும் கெட்டியாகும். டப்பாவை ஜாக்கெட் உள்பாக்கெட்ல வச்சுக்கோங்க, குளிர்காலத்துக்குன்னு தனியா ஸ்கோப் கணக்கை எழுதி வச்சுக்கோங்க.

சுட்டு முடிச்சதும் கையை சோப்பு போட்டு கழுவிட்டு தான் டிம் ஹார்ட்டன்ஸ் காபியை தொடணும், ஈயம் கையில இருக்கும். கார்ல திரும்பும்போது ரைஃபிள் காலியா இருக்கணும், நடுவுல கடைக்கு இறங்கினா டிக்கியில வச்சு பூட்டணும். வீட்டுல காலியா வச்சு ட்ரிகர் பூட்டு போடணும், இல்லைன்னா உடைக்க முடியாத அலமாரியில பூட்டணும், போல்ட்டை கழட்டி வச்சாலும் சட்டப்படி சரி தான், ஆனா குழந்தைங்க இருக்குற வீட்டுல நான் மூணையும் பண்ணுவேன், தோட்டாவை வேற அறையில தனியா பூட்டி வைப்பேன்.